அறுநூற்றுப் பதினெட்டாவது படம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது பெருமைப்படுகிற கதை இல்லை. கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவைத்துக்கொண்டு அதையே வீடெல்லாம் தேடுகிற வயதை எட்டிவிட்டோம், இல்லையா? நாம் ஒரு கோடை முழுக்கக் காத்திருந்த வேலையை இன்றைய பிள்ளைகள் கையிலிருக்கிற போனில் டீ ஆறுவதற்குள் முடித்துவிடுகிறார்கள். முடிக்கட்டும், நல்லா இருக்கட்டும். காத்திருப்பது எப்படி இருக்கும் என்று உங்களுக்குத்தான் தெரியும், அதனால் உங்களிடம் சொல்கிறேன்.

அப்போது எங்கள் வீடு ராயபுரத்தில், துறைமுகச் சுவரிலிருந்து இரண்டு தெரு தள்ளி, ஒரு மாடி போர்ஷன். அப்பாவுக்குத் துறைமுகத்தில் கிரேன்களுக்குக் கிரீஸ் வைக்கிற வேலை. அம்மா தண்டையார்பேட்டையில் ஏற்றுமதிச் சட்டை தைக்கிற கம்பெனியில் காலர் தைப்பாள். என்னைவிட எட்டு வயது மூத்த அண்ணன் டிப்ளமோ முடித்துவிட்டுத் திருவொற்றியூர்ப் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில், வந்துபோகும் பெட்டிகளின் எண்களை எழுதுகிற கிளார்க்காக இருந்தான். எனக்குப் பன்னிரண்டு வயது. காலை எட்டரைக்குள் மூவரும் கிளம்பிவிடுவார்கள். கடைசியாகப் போகிற அம்மா கிரில் கதவை வெளியே இருந்து பூட்டி, சாவியைக் கீழ்வீட்டு ஆன்ட்டியிடம் கொடுத்துவிட்டுப் போவாள்.

"பொட்டப் புள்ள, தனியா கீற. பூட்டிக்கினு போனாத்தான் எனக்கு அங்க கை ஓடும்" என்பாள்.

பள்ளி விடுமுறை முழுக்க இப்படித்தான். தீப்பிடித்தால் இவள் என்ன ஆவாள் என்று யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை. கீழ்வீட்டு ஆன்ட்டி மதியம் ஒரு தடவை பாதிப் படி ஏறிவந்து, "சாப்ட்டியாம்மா?" என்று கேட்பார். "சாப்ட்டேன் ஆன்ட்டி" என்பேன். அன்றைய பேச்சு அவ்வளவுதான். என் குரலையே நான் கேட்கவேண்டும் என்பதற்காக ஜெபமாலையைச் சத்தம்போட்டுச் சொன்ன நாட்கள் உண்டு. வயிற்றுக்குள் ஏதோ காலியாக இருக்கும். பசி என்று நினைத்துக்கொண்டு இன்னும் கொஞ்சம் பழைய சோறு போட்டுக்கொள்வேன். அது பசி இல்லை என்று தெரிய எனக்கு ரொம்ப வருஷம் ஆயிற்று.

அண்ணனின் கம்ப்யூட்டர் ஹாலில், அம்மாவின் தையல் மிஷினுக்குப் பக்கத்தில் இருந்தது. ரிச்சி தெருவில் ஒவ்வொரு சாமானாகத் தேடிப் பொறுக்கி அவனே சேர்த்துப் பூட்டியது. கடையில் இருந்ததிலேயே மலிவான மதர்போர்டு. டப்பாவுக்குப் பக்கத் தகடு கிடையாது, குடலெல்லாம் வெளியே தெரியும். பிராசஸர் என்பது இப்போதுபோல் சின்னச் சதுரம் இல்லை. வீடியோ கேம் கேசட் மாதிரி ஒரு கறுப்புப் பெட்டி, போர்டில் செங்குத்தாகச் செருகியிருக்கும். அதன் முதுகில் அலுமினியச் சீப்பு ஒன்று, சீப்பின்மேல் தீப்பெட்டி அகலத்தில் ஒரு குட்டி ஃபேன். சூட்டை வெளியே தள்ள இருந்ததெல்லாம் அவ்வளவுதான்.

அந்த மே மாதம் பம்பாயில் ஒரு அனிமேஷன் ஸ்டுடியோ ஆள் எடுப்பதாக அண்ணனுக்குத் தெரிந்தது. அவர்களுடைய ஆள் எழும்பூரில் ஒரு லாட்ஜில் தங்கியிருப்பார். சனிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்குள், சொந்தமாகச் செய்த அரை நிமிடப் படம் ஒன்றை சிடியில் போட்டு அவர் கையில் தரவேண்டும். பிடித்துவிட்டால் வேலை, தங்க இடம், எல்லாம் அவர்களே பார்த்துக்கொள்வார்கள்.

அண்ணன் ஏற்கெனவே ஒரு படம் தயார் செய்துகொண்டிருந்தான். துறைமுகத்துக் கிரேன் ஒன்று சாப்பாட்டு மணி அடித்ததும் தண்டவாளத்தைவிட்டு இறங்குகிறது. சுவரைத் தாண்டி எங்கள் தெரு வழியாக, துணி காயும் கொடிகளில் இடிக்காமல் தலையைக் குனிந்து குனிந்து நடக்கிறது. கடற்கரைக்குப் போய்த் தண்ணீரில் காலை நனைக்கிறது. அவ்வளவுதான் கதை. ஆனால் அந்தக் கிரேன் நடக்கிற நடையைப் பார்த்திருக்கவேண்டும் நீங்கள். அப்படியே எங்கள் அப்பா, வேலை விட்டு வரும்போது.

நடையை அவன் கணக்குப் போட்டு வைத்துவிட்டான். இனி ஒவ்வொரு படத்தையும் வெளிச்சம், நிழல், துரு எல்லாம் சேர்த்து கம்ப்யூட்டர் வரைந்து தரவேண்டும். மொத்தம் எழுநூற்றைம்பது படம். ஒரு படத்துக்கு அரை மணி நேரம். ராப்பகலாக ஓட்டினாலும் பதினாறு நாள் ஆகும். கையில் இருந்தது பன்னிரண்டு நாள்.

"அப்போ முடியாதாண்ணே?" என்றேன்.

"முடியும். மெசின ஏமாத்தணும்" என்றான். "உன் நெயில் பாலிஸ் எங்க கீது?"

கிறிஸ்துமஸுக்கு அத்தை கொடுத்த ரோஸ் கலர் நெயில் பாலிஷ் அது. கான்வென்டில் போடக்கூடாது என்பதால் அப்படியே இருந்தது. பிராசஸர் கேசட்டை உருவி என் மடியில் வைத்தான். அதன் அடியில் வரிசையாகப் பொன் நிறப் பற்கள்.

"இதோ, இந்த ஒரு பல்லு கீதே, இதுதான் போர்டாண்ட போயி, 'நான் மெதுவா ஓட்ற ஆளு'ன்னு சொல்லுது. இத மட்டும் மூடிட்டா அதுக்கு ஒண்ணும் தெரியாது. வேகமான ஆளுன்னு நெனச்சிக்கினு ஓட்டும். முந்நூறுல ஓடுறது நானூத்தம்பதுல ஓடும். ஓவர்கிளாக்குன்னு பேரு. உன் கை சின்ன கை, நீ வெய்யி."

மூச்சைப் பிடித்துக்கொண்டு அந்த ஒற்றைப் பல்லில் பாலிஷ் வைத்தேன். காய்ந்ததும் செருகினான். ஸ்விட்சைப் போட்டதும் திரையில் நானூற்றைம்பது என்று வந்தது. அண்ணன் என்னைத் தூக்கித் தட்டாமாலை சுற்றினான். யாராவது என்னைத் தூக்கி வருஷக்கணக்காகியிருந்தது. இனி ஒரு படத்துக்கு இருபது நிமிடம், பதினொன்றாவது நாளே முடிந்துவிடும்.

ஆனால் ஏமாற்றினால் சூடு ஏறும். அந்த மலிவு போர்டில் சூட்டைக் காட்டுகிற வசதி எதுவும் இல்லை. அதற்கு அண்ணன் ஒரு வழி கண்டுபிடித்தான். அந்த வழி நான்தான். மணிக்கு ஒரு தடவை அலுமினியச் சீப்பில் ஆள்காட்டி விரலை வைத்துப் பத்து வரை எண்ணவேண்டும். பத்து வரைக்கும் வைக்க முடிந்தால் பயமில்லை. முடியவில்லை என்றால் உடனே ஸ்விட்சை அமுக்கி, அரை மணி ஆறவிட்டு, மறுபடி போடவேண்டும். வரைந்து முடித்த படங்கள் டிஸ்க்கில் பத்திரமாக இருக்கும்.

"வேற யாரும் அதுல கை வெக்கக் கூடாது. நீ மட்டும்தான்" என்று சொல்லிவிட்டு, டேபிள் ஃபேனை டப்பாவின் பக்கம் திருப்பி வைத்தான். அக்கினி நட்சத்திரத்தில் வீட்டில் இருந்த ஒரே டேபிள் ஃபேன் கம்ப்யூட்டருக்குப் போயிற்று. நான் வியர்த்து ஊற்ற உட்கார்ந்திருந்தேன். எனக்கு அது கஷ்டமாகவே இல்லை.

அந்த நாட்களைப்போல் நான் சந்தோஷமாக இருந்ததே கிடையாது. படம் திரையில் மேலிருந்து கீழாக, ஒவ்வொரு வரியாக இறங்கும். முதலில் வானம், அப்புறம் கிரேனின் மூக்கு, கொக்கி, கீழே தெருவின் கொடியில் ஒரு நீலப் பாவாடை. அது என் பாவாடை. இருபது நிமிடம் கண் எடுக்காமல் பார்ப்பேன். அடுத்த படத்தில் கிரேன் ஒரு விரற்கடை நகர்ந்திருக்கும், மறுபடி வானத்திலிருந்து ஆரம்பம். சாயங்காலம் அண்ணன் கிரில் கதவைத் திறக்கும்போதே கேட்பான்:

"எத்தினி?"

"நூத்தி நாப்பத்தி மூணு. விரலு பத்து."

"அடி சக்க!" என்று என் தலையில் தட்டுவான். அதற்கு முந்தின வருஷம் முழுக்க அவன் என்னிடம் பேசியதைச் சேர்த்தால் ஒரு பக்கம்கூட வராது. வேலைக்குப் போக ஆரம்பித்ததிலிருந்து அவன் வாயே திறப்பதில்லை. இப்போது சாப்பிடும்போதுகூட என்னிடம்தான் பேச்சு. கிரேன் எங்கள் வீட்டைத் தாண்டும்போது உள்ளே எட்டிப் பார்க்கிறதா இல்லையா என்று நாங்கள் சண்டையே போட்டிருக்கிறோம்.

ஆறாவது நாள் ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சில் பூசை முடிந்து வரும்போது அண்ணனைக் கேட்டேன்: "அவங்க எடுத்துக்கினா எப்போ போவ?"

"அடுத்த வாரமே."

"எப்போ வருவ?"

"பம்பாய் இன்னா பக்கத்துத் தெருவா? கிறிஸ்மஸுக்குப் பார்க்கலாம்." அவன் முகம் அப்படி வெளிச்சமாக இருந்தது. "இந்தக் கரித் தூசில இருந்து, இந்த யார்டுல இருந்து தப்பிச்சா போதும் பாப்பா."

நான் இருக்கிற இடத்திலிருந்து தப்பிப்பதைத்தான் சொல்கிறான் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. அதுவரைக்கும் எழுநூற்றைம்பது என்பது நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து போகிற இடம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். முட்டாள்தனம்தான், என்ன செய்ய? அன்றிலிருந்து ஒவ்வொரு படம் முடியும்போதும் இன்னும் எத்தனை பாக்கி என்று எண்ண ஆரம்பித்தேன்.

மறுநாள் திங்கள், அம்மாவுக்கு வாராந்திர விடுமுறை. கடலோரத்தில் வளர்ந்தவர்களுக்கு இது தெரியும்: உப்புக் காற்று எதையும் விட்டுவைக்காது, வாரம் ஒரு தடவை எண்ணெய்த் துணி போடாத இரும்பு மூன்றே மாதத்தில் பொரிந்து உதிரும். அம்மா திங்கட்கிழமைதோறும் தையல் மிஷின் எண்ணெயும் கந்தல் துணியுமாகக் கிளம்பிவிடுவாள். ஜன்னல் கம்பி, கிரில் கதவு, அரிவாள்மணை, அப்பாவின் சைக்கிள் என்று ஒன்று விடாமல் துடைப்பாள். அன்று மதியம் கரண்ட் போனது. கம்ப்யூட்டர் நின்றிருந்தது. அம்மா அதன் உள்ளே எட்டிப் பார்த்தாள்.

"அய்ய, இதப் பாரேன், வெள்ளையா பூத்துக்கினு கீது. இத்தினி ஆசையா வெச்சிக்கினு கீறான், ஒரு சொட்டு எண்ணெ போடத் தெர்ல."

அலுமினியச் சீப்பின் ஒவ்வொரு பல்லுக்கிடையிலும் எண்ணெய்த் துணியை விட்டு இழுத்தாள். குட்டி ஃபேனின் இறக்கைகளைத் துடைத்து, நடுவில் தாராளமாக நாலு சொட்டு விட்டாள். மகன்மேல் இருந்த பிரியத்தில் செய்ததுதான் அது. அண்ணன் யாரும் தொடக்கூடாது என்று சொன்னது என் நாக்கு நுனிவரை வந்தது. நான் சொல்லவில்லை. கரண்ட் வந்ததும் ஸ்விட்சைப் போட்டேன். எண்ணெய் மணக்க மணக்க அது ஓடியது.

செவ்வாய்க்கிழமை துறைமுகத்துக்குக் கரிக் கப்பல் வந்தது. கரி இறக்கினால் எங்கள் தெருவில் வெள்ளைத் துணி காயப்போட முடியாது. தோசைக்கல்லிலிருந்து மாதா சுரூபம்வரை கறுப்புத் தூசி படியும். மற்ற இடத்தில் படிந்த தூசியைத் துடைத்தால் போய்விடும். எண்ணெய் போட்ட இடத்தில் அது பசையாகிவிடும். டேபிள் ஃபேன் வேறு அதை அள்ளி அள்ளி உள்ளே கொட்டிக்கொண்டிருந்தது.

புதன்கிழமை மதியம் விரலை வைத்தேன். ஆறு எண்ணும்போதே சுட்டது. கையை எடுத்திருக்கவேண்டும், ஸ்விட்சை அமுக்கியிருக்கவேண்டும். நான் எடுக்கவில்லை. ஏழு, எட்டு, ஒன்பது, பத்து. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஆனால் பத்து எண்ணிவிட்டேன். சாயங்காலம் அண்ணன் கேட்டபோது "பத்து" என்று சொன்னது பொய் இல்லை. பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் சொல்லவேண்டிய அவசியம் இல்லாதபடி அதைச் செய்தேன் பாருங்கள், அந்தச் சாமர்த்தியத்தை நினைத்தால்தான் இன்றைக்கும் எனக்கு என்னையே பிடிக்காமல் போகிறது. கடல் காற்று எழும்பியதும் சூடு இறங்கிவிடும், அதனால் வீடு வந்து அவன் தொட்டுப் பார்த்தபோது அவனுக்கும் பத்து வந்தது. ஓவர்டைம் பார்த்த களைப்பில் உள்ளே குனிந்து பார்க்கவும் இல்லை.

வியாழக்கிழமை, பத்தாவது நாள். அறுநூற்றுப் பதினெட்டாவது படம். கிரேன் மணலைத் தாண்டிவிட்டது. இன்னும் இரண்டு எட்டு வைத்தால் தண்ணீர். ஒரு மணி இருக்கும். குட்டி ஃபேனின் சத்தம் மாறியது. விர்ரென்று இருந்தது கரகரவென்றாகி, விட்டுவிட்டுக் கேட்டு, அப்புறம் இல்லை.

நான் பார்த்துக்கொண்டிருந்தேன். இறக்கை நின்றுவிட்டது. ஸ்விட்ச் என் வலது கைக்குப் பக்கத்தில். எழுந்திருக்கக்கூட வேண்டாம், கையை நீட்டினால் போதும். கீழ்வீட்டு ஆன்ட்டியைக் கூப்பிட்டால்கூட யார்டுக்குப் போன் போட்டிருப்பார். அண்ணன் போய்விட்டால் இந்தக் கிரில் கதவுக்குள் நான் மட்டும்தான் என்று நினைத்தேன். போகக் கூடாது, போகக் கூடாது என்று நினைத்தேன். கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வானம் வந்தது, மூக்கு வந்தது, கொக்கி வந்தது. பாதிப் படத்தில் வரி நின்றது. பட்டென்று ஒரு சத்தம், உடனே இன்னொன்று. மீன் செதில் கருகின மாதிரி ஒரு நாற்றம். திரை கறுப்பாயிற்று.

அப்போதுதான் ஸ்விட்சை அமுக்கினேன்.

அண்ணன் வந்தான். "எத்தினி?" என்றான். நான் கறுத்த திரையைக் காட்டினேன். டப்பாவுக்குள் டார்ச் அடித்துப் பார்த்தான். போர்டில் மாத்திரை அளவு உருளைகள் இரண்டு தலை வீங்கி வெடித்திருந்தன. சீப்பு முழுக்கக் கரிப் பசை. அதை விரலால் வழித்துப் பார்த்துவிட்டு, "கரி, எல்லாத்துலயும் கரி" என்றான். எண்ணெயைப் பற்றி அவனுக்கு எதுவும் தெரியாது. பிறகு என் கையைப் பார்த்தான். ஆள்காட்டி விரல் நுனியில் கொப்புளம்.

"லூசா நீ? சுட்டா எடுக்க வேண்டியதுதானே? எனக்காவ சுட்டுக்கினியா?"

நான் அழ ஆரம்பித்தேன். அவன் என்னைக் குழாயடிக்கு இழுத்துக்கொண்டு போய்க் கையில் தண்ணீர் விட்டு, பல் விளக்குகிற பேஸ்ட்டைத் தடவினான்.

"அழுவாத. உன் மேல ஒரு தப்பும் இல்ல. நாந்தான். முந்நூறுல ஓட்றத முந்நூறுலயே வுட்டிருக்கணும். பேராசை."

அதைக் கேட்டும் நான் வாயைத் திறக்கவில்லை. அன்றைக்குச் சொல்லியிருக்கலாம். அடியாவது விழுந்திருக்கும், அதோடு போயிருக்கும்.

மறுநாள் யார்டுக்கு மட்டம்போட்டுவிட்டு ரிச்சி தெரு முழுக்க அலைந்தான். அதே மாதிரி போர்டு எங்கும் கிடைக்கவில்லை, தண்ணீரைத் தொடாத கிரேனைக் கொண்டுபோய்க் காட்ட அவனுக்கு மனசும் வரவில்லை. சனிக்கிழமை ஐந்து மணிக்கு அவன் வீட்டில்தான் இருந்தான், சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டு. அப்பா அவர் பங்குக்கு, "வுட்றா, வெளையாட்டுச் சாமான். யார்டுல பர்மனென்ட் பண்றேன்னு சொல்றாங்கல்ல, நல்லதுக்குத்தான்" என்றார். அந்த மனிதர் நடக்கிற நடையைத்தான் மகன் பத்து நாளாகப் படம் போட்டுக்கொண்டிருந்தான் என்பது கடைசிவரை அவருக்குத் தெரியாது. அடுத்த திங்கட்கிழமை அம்மா, செத்துப்போன கம்ப்யூட்டருக்கும் சேர்த்து எண்ணெய் போட்டாள். கொஞ்ச நாளில் பழைய சாமான் வண்டிக்காரரிடம் அது டிஸ்க்கோடு போயிற்று. படத்துக்கு வேறு பிரதி எதுவும் கிடையாது.

அண்ணன் போகவில்லை. நான் ஆசைப்பட்டது நடந்தது. ஆனால் சாயங்காலம் கிரில் கதவைத் திறக்கும்போது அவன் என்னிடம் கேட்பதற்கு எதுவும் இல்லை. சாப்பிட்டான், படுத்தான், எழுந்தான், யார்டுக்குப் போனான். அவன் பம்பாய்க்குப் போயிருந்தால் கடிதமாவது வந்திருக்கும்.

போனது நான்தான். காலேஜ், வேலை, கல்யாணம் என்று ஊர் மாறி ஊர் மாறி, இப்போது புனேயில் இருக்கிறேன். அப்பா இல்லை. அண்ணன் கல்யாணம் செய்துகொள்ளாமல் அதே மாடி போர்ஷனில் அம்மாவோடு இருக்கிறான், அதே யார்டில் சூப்பர்வைசராக.

போன மாதம் என் வீட்டில் யாரும் இல்லாத ஒரு மதியம், என்னவோ தோன்றி அவனுக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டேன். அம்மா போட்ட எண்ணெயை மட்டும் விட்டுவிட்டு, மற்ற எல்லாவற்றையும் சொன்னேன். "ஃபேன் நின்னப்போ நான் பார்த்துக்கினுதான் இருந்தேண்ணே. ஸ்விட்சு பக்கத்துலயேதான் இருந்துச்சி. நீ போவக் கூடாதுன்னு அமுக்கல."

அந்தப் பக்கம் அம்மா அவனுக்குப் பின்னாலிருந்து, "யார்ரா போன்ல?" என்று கேட்டது காதில் விழுந்தது. "பாப்பாதாம்மா" என்றான். அவன் ஒரு வாக்கியம் சொல்வான் என்று காத்திருந்தேன். 'அட விடு, எப்படியும் என்னை எடுத்திருக்கமாட்டாங்க' என்கிற வாக்கியம். இத்தனை வருஷமாக எனக்கு நானே சொல்லிச் சமாளித்துவந்தது அதைத்தான்.

"எடுத்திருப்பானுங்க பாப்பா" என்றான். கோபமாகச் சொல்லவில்லை. "கண்டிப்பா எடுத்திருப்பானுங்க. நான் போயிருப்பேன்."

"ஆமாண்ணே."

அப்புறம் இளம் பையன் குரலில், கொஞ்சம் கூச்சத்தோடு கேட்டான்: "நல்லாத்தானே இருந்துச்சி அது?"

பகலெல்லாம் அவன் யார்டில் இருந்தான், இரவெல்லாம் களைத்துத் தூங்கினான். அம்மாவும் அப்பாவும் திரும்பிக்கூடப் பார்த்ததில்லை. கிரேன் எங்கள் தெருவில் நடந்துபோனதை உட்கார்ந்து வரி வரியாகப் பார்த்தவள் உலகத்திலேயே நான் ஒருத்திதான்.

"ரொம்ப நல்லா இருந்துச்சிண்ணே" என்றேன்.